முருவுக்குப் போன நாள்

அந்தக் குளிர்காலத்தில் ஆற்றோரச் சாலை மூன்று இடங்களில் சரிந்து கிடந்தது. நடுச் சரிவில் தூருஹிராவுக்கு வேலை. ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'போ' என்று எழுதிய வட்டப் பலகையைக் கம்பில் பிடித்துக்கொண்டு காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலரை வரை நிற்பாள். மழைச் சட்டைக்குமேல் ஆரஞ்சு நிற மேலங்கி. காலில் செத்துப்போன தம்பியின் ரப்பர் பூட்ஸ். இரண்டு அளவு பெரியது என்பதால் உள்ளே செய்தித்தாளைத் திணித்திருந்தாள்.

யார் வண்டி வந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்த மாட்டாள். ஹாக்கோபாவின் மர லாரி வந்தால் மட்டும் பலகை 'நில்' பக்கமாகவே இருக்கும். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம். லாரிக்குப் பின்னால் பள்ளி வேன், அதன் பின்னால் தபால் வண்டியில் நான், எனக்குப் பின்னால் ஆடு ஏற்றிய டிரெய்லர் ஒன்று. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஆடுகள்கூடச் சத்தம் போடவில்லை என்றுதான் ஞாபகம்.

நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஹாக்கோபா லாரிக் கண்ணாடியை இறக்கினான்.

"அக்கா."

அவள் தேநீரை ஊதினாள்.

"அக்கா, அந்தப் பக்கம் ரோடு காலியாத்தான் இருக்கு."

"மண்ணு விழுது."

"எங்க விழுது? ஒண்ணும் விழலையே."

"விழும். மழை பெய்யுதுல்ல. மழைதானே எல்லாத்தையும் பண்ணுது."

ஹாக்கோபா வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கண்ணாடியில் ஒரு மூலையைத் துடைக்காமல் விட்டுவிட்டுப் போய் வந்தது.

"என்ன ஏத்திருக்க?" என்று கேட்டாள்.

"தடிதான். துறைமுகத்துக்கு."

"நல்ல தடியா?"

"ஏத்துமதித் தடி, அக்கா."

"நல்லது கப்பலுக்கு. மிச்சம் எங்க தம்பி தலைக்கு."

அவனுக்கு முகம் சிவந்தது. பெரிய உடம்புக்காரன். ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

"பெரியப்பாகிட்ட சொல்லி விட்டிருக்கேன். சனிக்கிழமை வாங்க. எல்லாரும் வாங்க. கேட்டைத் திறந்து வெச்சிருப்பேன்."

தூருஹிரா இன்னொரு வாய் தேநீர் குடித்தாள். மிச்சத்தைச் சாலையில் ஊற்றிவிட்டுப் பலகையை 'போ' பக்கம் திருப்பினாள்.

*

மங்காரிமு ஓடை எங்கள் ஊருக்குச் சற்று மேலே வந்து வாங்கனுயி ஆற்றில் சேர்கிறது. ஓடையின் தலைமாட்டில் இருந்த பைன் காட்டை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கி, வெட்டுகிற வேலையை ஹாக்கோபாவிடம் கொடுத்திருந்தது. அவனிடம் எட்டு ஆள், இரண்டு லாரி, ஒரு மஞ்சள் பொக்லைன். பொக்லைன் கதவில் அவன் பெயரைக் கறுப்பெழுத்தில் எழுதி வைத்திருந்தான். நேரான தடிகள் கப்பலுக்குப் போகும். நுனி, கிளை, உடைந்தது, வளைந்தது எல்லாவற்றையும் பொக்லைனால் வாரி மலைச்சரிவின் விளிம்பில் குவித்து வைப்பார்கள். அகற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. அகற்றுவதற்கு டீசலும் நாளும் வேண்டும்.

ஏப்ரலில் தூருஹிரா வேலிக்கம்பு வெட்ட மேலே போனபோது அந்தக் குவியலைப் பார்த்தாள். இரண்டு மாடி உயரம். ஹாக்கோபாவை அங்கேயே கூப்பிட்டு, இதை இழுத்து உள்ளே போடு, ஓடைக்கு நேர் மேலே இருக்கிறது என்று சொன்னாள். அவன் அடுத்த வாரம் என்றான்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு மே மாதமே குளிர்காலம்; அப்போது பிஹாராவு என்ற மீன் கடலிலிருந்து ஆறேறி வரும். விலாங்கின் உடம்பு, தாடை இல்லாத வட்ட வாய், கண்ணுக்குப் பின்னால் வரிசையாக ஏழு துளை. வெள்ளம் ஏறுகிறபோது நடு ஆற்றின் வேகம் தாங்காமல் கரையை ஒட்டி நகரும். அதனால் கரையிலிருந்து ஆற்றுக்குள் மானுகா மரக் கம்புகளை வரிசையாக அறைந்து, நடுவில் ஒரு சந்து விட்டு, சந்தின் பின்னால் கூண்டு கட்டுவோம். தண்ணீர் ஏறும்போதுதான் மீன். ஆகவே தண்ணீர் ஏறும்போதுதான் வேலை. எங்கள் ஊரில் இந்த அணையைக் கட்டத் தெரிந்தவர்கள் தூருஹிராவும் அவள் தம்பி கெரேயமாவும்தான்.

மே மாதக் கடைசியில் இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் கெரேயமா இடுப்புத் தண்ணீரில் இறங்கிக் கூண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தூருஹிரா கரையில் கூடையோடு நின்றாள். தண்ணீர் எந்தக் கல்வரை ஏறும், எப்போது நிற்கும் என்று அவனுக்கு விரற்கடைக் கணக்கில் தெரியும். தண்ணீரைத்தான் தெரியும். மங்காரிமு வாயிலிருந்து ஆறு முழுக்க அடைத்துக்கொண்டு கட்டைகள் வந்தன. மரம் மரத்தோடு அரைபடுகிற சத்தம் முதலில் கேட்டது என்றாள். அவன் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதிலிருந்து மூன்றாம் நாள், இரண்டாவது வளைவுக்குக் கீழே, கட்டைகளுக்கு அடியிலிருந்து அவன் உடலை எடுத்தோம்.

ஊர்க்கூடத்தில் உடலை வைத்திருந்த மூன்று நாளில் இரண்டாம் நாள் ஹாக்கோபா வந்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் சித்தப்பா மகன். கெரேயமாவோடு ஒரே வருடத்தில் பிறந்து, ஒரே படகில் துடுப்புப் போட்டவன். பெட்டிக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் பேச வேண்டிய நேரம் வந்தபோது அவன் சொன்னது இதுதான்: "நூறு வருஷத்துல வராத மழை."

கம்பெனி வக்கீல் போனில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது என்று எங்களுக்குப் பிறகு தெரிந்தது. தூருஹிரா பெட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. வரவில்லை.

அன்றிலிருந்து ஆறு மூடியிருந்தது. ஓடை வாயிலிருந்து இரண்டாவது வளைவுவரை வலை, படகு, குளியல் எதுவும் கூடாது. செத்தவனுக்கான விலக்கு. பிஹாராவு எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது.

*

வியாழக்கிழமை சாயங்காலம் கெரேயமாவின் மனைவி ரோராவுக்குத் தபால் கொடுக்கப் போன என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். ரோரா பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. உருளைக்கிழங்குப் புளிமாவு போட்டு ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் பன்றி எலும்போடு பூஹாக் கீரை கொதித்தது. மேசையில் மதியாஹா பெரியப்பா. ஊர்க்கூடத்தில் எங்களுக்காக எழுந்து பேசுகிறவர் அவர்தான். தூருஹிராவுக்கும் பெரியப்பா, ஹாக்கோபாவுக்கும் பெரியப்பா. எதிரில் மடிக்கணினியோடு எமேரே. நகரத்தில், ஆற்றின் சார்பில் வழக்கு நடத்தும் அலுவலகத்தில் வக்கீல். ஹாக்கோபாவின் அக்கா மகள்.

"சட்டப்படி ஆறு ஒரு ஆள், தாத்தா," என்றாள் எமேரே. "அதுக்கு அடிபட்டா அதுவே கேஸ் போடலாம்."

"ஆறு ஆளுன்னு நமக்குத் தெரியாதாக்கும். நூத்தி நாப்பது வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னு அவங்களுக்குத் தெரிய வெச்சோம்."

"ஆளுன்னா இந்நேரம் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கணுமே," என்றாள் ரோரா மாவிலிருந்து தலை நிமிராமல். "தபால்காரரே, ஆத்துக்கு ஏதும் லெட்டர் வருதா?"

"இதுவரைக்கும் இல்ல," என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்க அத்தை. ஓடை வாயிலருந்து ஏழு கிலோமீட்டர் சேறு. விலாங்கு செத்து ஒதுங்கினதை எல்லாம் போட்டோ எடுத்து வெச்சிருக்கோம். ஆத்துக்காகப் பேசச் சட்டப்படி நியமிச்ச ரெண்டு பேரும் சம்மதிச்சிட்டாங்க. கம்பெனி மேல போடுறோம். அப்புறம்..."

"அப்புறம்?" என்றாள் தூருஹிரா. அதுவரை ஜன்னலோரம் நின்றவள்.

"கான்ட்ராக்ட் எடுத்தவங்க மேல."

"பேரு இருக்குல்ல. சொல்லு."

எமேரே கணினித் திரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஹாக்கோபா மாமா மேல."

"எத்தன வருஷம் ஆகும்?"

"நாலு. அஞ்சுகூட ஆகலாம். ஒண்ணு சொல்லிடுறேன் சித்தி, கம்பெனி வக்கீலுங்க எல்லாத்தையும் மாமா தலையிலதான் கட்டுவாங்க. மழைன்னு சொல்லுன்னு அவருக்குச் சொல்லிக்கொடுத்தவங்களே, அங்க போய் அந்தாளுதான் குவிச்சாருன்னு சொல்லுவாங்க. அவரு லாரி, வீடு ஒண்ணும் மிஞ்சாது."

"சரி."

"அந்தக் குவியலைக் கண்ணால பாத்து, எடுத்துப் போடச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான். உங்க வாக்குமூலம் இல்லாம மழைன்னுதான் தீர்ப்பு வரும்."

மதியாஹா ஸ்பூனைக் கீழே வைத்தார். "அதுக்குத்தானே சொல்றேன். அவன் முருவுக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கான். அவனா கூப்பிட்டிருக்கான். மழைன்னு சொன்ன வாயி. வேற என்ன வேணும்?"

முரு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர்கள்தான் யாரும் உயிரோடு இல்லை. ஒருவனுடைய அசட்டையால் சொந்தத்தில் ஒரு உயிர் போனால், மற்ற சொந்தமெல்லாம் கூட்டமாக அவன் வீட்டுக்குப் போகும். திட்டும். அடிக்கும். கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு வரும். அவன் கேட்டைத் திறந்துவைத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டு, பேசாமல் நிற்க வேண்டும். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அதன்பிறகு அதைப்பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எடுக்கப்பட்டவனுக்கு அதில் மரியாதைதான். யாரும் எடுக்க வராதவனைத்தான் ஊர் கேவலமாகப் பேசும்.

"முருவுல எடுத்துட்டு அப்புறம் கோர்ட்டுலயும் போய்ப் பேசலாமா?" என்று ரோரா கேட்டாள்.

"சட்டம் தடுக்காது," என்றாள் எமேரே.

"நம்ம வாயி தடுக்கும்," என்றார் மதியாஹா. "எடுத்தா முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் தின்னக் கூடாது."

"ரெண்டு பக்கமும் தின்றதைப் பத்தி நீங்க பேசுறீங்க பெரியப்பா. இது மூணாவது தட்டு."

"கீரை நல்லா இருக்கு ரோரா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

தூருஹிரா மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பலகைக் கம்பைப் பிடித்துப் பிடித்து அவள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. "எனக்கு அந்தப் பொக்லைன் வேணும்," என்றாள்.

மதியாஹா தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அவன் பேரு போட்ட கதவோட வேணும். அதைக் கொண்டுபோய் ஓடை வாயில நிறுத்துவேன். எதை வெச்சு அவன் குவிச்சானோ அதை வெச்சே ஒவ்வொரு கட்டையா வெளிய இழுப்பேன். தினமும் லாரியில போகும்போது அவன் அதைப் பாக்கணும். அவன் பிள்ளைங்க ஸ்கூல் வேன்ல போகும்போது பாக்கணும். எங்க அப்பா பேரு ஏன் அங்க இருக்குன்னு கேக்கணும். அவன் பதில் சொல்லணும். அது கெடச்சா எனக்குக் கோர்ட்டு வேண்டாம்."

"பொக்லைன் ஓட்டத் தெரியுமா உனக்கு?" என்றார் மதியாஹா.

"கத்துக்குவேன். அஞ்சு வருஷம் ஆகாதுல்ல."

ரோரா மாவை மேசையில் அறைந்தாள். "எனக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா?"

"சொல்லு ரோரா."

"அவன் வீட்டுச் சுவத்துல ஒரு டிவி இருக்கே, கதவு அளவுக்கு. கெரேயமா அதுல மேட்ச் பாக்கப் போறேன் போறேன்னு அங்கயே கெடப்பான். அது எனக்கு வேணும். ஆத்துல தூக்கிப் போடணும்."

"ஆறு மூடியிருக்கு. எதையும் போடக் கூடாது," என்றார் மதியாஹா.

"அப்ப அவன் தலையில போடுறேன்."

முதலில் எமேரே சிரித்தாள். பிறகு தூருஹிரா. மூன்று வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. 

"சனிக்கிழமை போறோம்," என்றாள் தூருஹிரா.

எமேரே கணினியை மூடினாள். அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கு விளங்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை பகலெல்லாம் கொட்டிய மழை இருட்டுமுன் விட்டது. சனிக்கிழமை காலையில் ஆற்றின்மேல் கைநீட்டினால் கை தெரியாத பனி. முப்பது பேர் நான்கு வண்டியில் போனோம். ஐந்தாவது என் தபால் வண்டி. கடிதப் பைகளை இறக்கி வீட்டில் வைத்துவிட்டு, சாமான் ஏற்றுவதற்காகக் காலியாக ஓட்டிக்கொண்டு போனேன். கடைசி நூறு கஜம் நடந்தோம். தூருஹிரா முன்னால் நடந்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை.

கேட் திறந்திருந்தது. ஹாக்கோபா கோட்டுப் போடாமல் சட்டையோடு நின்றான். பின்னால் அவன் மனைவி மராயா, இரண்டு பிள்ளைகள். புல்வெளியில் ஒரு வீட்டின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்து கிடந்தது. மரம் அறுக்கும் ரம்பங்கள் ஏழு, எண்ணெய் துடைத்து, வரிசையாக. இரண்டு லாரியும் கதவு திறந்து, சாவியோடு. டிரெய்லர்மேல் மோட்டார் படகு. வயர் இழுத்து வெளியே கொண்டுவந்த, இறைச்சியை உறையவைக்கும் குளிர்பெட்டி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குதிரைச் சேணம். தையல் மிஷின். படுக்கை விரிப்பால் போர்த்திய பெரிய டிவி. பிள்ளைகளின் சைக்கிள் இரண்டு. வீட்டோரமாக நீள மேசை, அதில் வெந்த மட்டி, பன்றித் தொடை, எண்ணெயில் பொரித்த ரொட்டி, கேக்.

மதியாஹா கேட்டருகில் நின்று பேசினார். கைத்தடியால் தரையைக் குத்திக் குத்திப் பேசினார். செத்தவனின் அப்பன் பெயர், அவன் அப்பன் பெயர் என்று மேலே போய், ஆறு இறங்கிவந்த மலைவரை போய், அங்கிருந்து இறங்கி ஹாக்கோபாவிடம் வந்தார். "நீயும் இதே தண்ணிதான். உன் தண்ணிய நீயே கொலைக்கு விட்டிருக்க!" என்று கத்தியபோது அவர் குரல் உடைந்தது. நான் பார்த்தவரை அதுதான் அவர் பேசிய பேச்சுகளிலேயே சிறந்தது.

பிறகு ரோரா போனாள். அவனை அறைந்தாள். மாவு பிசைகிற கை. அந்தச் சத்தத்தில் பிள்ளைகளில் சிறியது அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தது. ஹாக்கோபா கையைத் தூக்கவில்லை, கன்னத்தைத் தொடவும் இல்லை.

"எடுங்க," என்றார் மதியாஹா.

ஒரு நொடி எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய்விட்டது. ரம்பங்களை ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். நான்கு பெண்கள் இறைச்சிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு அதைச் சாய்த்தார்கள். "மெதுவா, மெதுவா, எங்கால் இருக்கு!" யாரோ படகு டிரெய்லரை மாட்ட வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். மதியாஹா மேசைப் பக்கம் போய் ஒரு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மராயா அவருக்குத் தேநீர் ஊற்றினாள். இது முடிந்துவிடும், மத்தியானத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஆறு திறக்கும் என்று நினைத்தேன்.

தூருஹிரா இதெதையும் தொடாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிருந்தாள். நானும் போனேன். கொட்டகை திறந்து கிடந்தது, உள்ளே காலி. வாசலில் ஆரம்பித்துப் பின்வேலிவரை பொக்லைன் சங்கிலித் தடம் சேற்றில் பதிந்திருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். முற்றத்தில் மற்ற குழிகளிலெல்லாம் வெள்ளிக்கிழமை மழைத் தண்ணீர் நின்றது. அந்தத் தடத்தில் ஒரு சொட்டு இல்லை. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருந்தன.

எழுந்து முன்பக்கம் வந்தாள்.

"மஞ்சளு எங்க?"

"எது?" என்றான் ஹாக்கோபா.

"எதுன்னு கேக்குற."

"அக்கா... அது பாங்க்கோடது. பாதிகூடக் கட்டல. அதைக் குடுத்துட்டா நான் நாளைக்கு..."

"எங்க இருக்குன்னு கேட்டேன்."

"மேட்டுக்கு அந்தாண்ட," என்றாள் மராயா. "எங்கண்ணன் ஷெட்டுல. காலைல ஓட்டிட்டுப் போனாரு. வேணாம்னு சொன்னேன்."

"மராயா!"

"சொன்னேன்ல? வேணாம்னு சொன்னேன்ல உங்ககிட்ட?"

தூருஹிரா அவன் அருகில் போனாள். அவன் மார்பளவுதான் இருந்தாள்.

"கெரேயமா யாரோடது? அவனையும் ஏதாவது பாங்க்கு பாதிக்கு வெச்சிருந்துச்சா?"

"அக்கா, கேளு..."

"புள்ளைங்க சைக்கிளைப் புல்லுல வெச்சிருக்க. அவ தையல் மிஷினை வெச்சிருக்க. எது எங்க தம்பிமேல கட்டையைத் தள்ளுச்சோ, அதை மட்டும் ஒளிச்சு வெச்சிருக்க."

"போய்க் கொண்டாறேன். ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் குடு."

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாத்தையும் கீழ வைங்க," என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை.

"எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க. ஒண்ணும் எடுக்கல. நாம வரவே இல்ல."

"தூரு, யோசிச்சுப் பேசு," என்றார் மதியாஹா. நிரம்பிய வாயோடு. "இப்படி யாரும் பண்ணதில்ல. எடுக்காமத் திரும்பிப் போனா அவன் என்ன ஆவான்னு தெரியும்ல? அவன் புள்ளைங்க..."

"தெரியும். வாயில இருக்கறதையும் வெச்சுடுங்க பெரியப்பா."

பெரியவர் அவளைப் பார்த்தார். ஹாக்கோபாவைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, திரும்பி நின்று, ரொட்டியைத் துப்பினார். அந்தக் கைக்குட்டையை மடித்து மேசையில், தட்டின் பக்கத்தில் வைத்தார்.

ரம்பங்கள் வரிசைக்குத் திரும்பின. இறைச்சிப் பெட்டியை நிமிர்த்தி, வயரை மறுபடி செருகினார்கள். அது உறுமி ஓட ஆரம்பித்தது. ரோரா டிவியின் முன்னால் நின்றாள், விரிப்பின் ஒரு முனையைத் தூக்கினாள், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு விரிப்பை இறக்கிச் சுருக்கம் நீவிவிட்டாள்.

நாங்கள் நடந்தோம். ஹாக்கோபா பின்னாலேயே வந்தான். "ஏதாவது எடுத்துட்டுப் போங்க. அக்கா! ஒரு ரம்பமாவது. லாரிய எடுத்துட்டுப் போ அக்கா, ரெண்டையும் எடுத்துக்க." ஒரு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் வண்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே வைக்கப் பார்த்தான். நான் அதை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சின்ன வயதில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அவன். என் கண்ணைப் பார்த்தான். நான் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

அடுத்த வாரத்திலிருந்து தூருஹிரா அவன் லாரியை நிறுத்துவதை விட்டுவிட்டாள். மற்ற எல்லா வண்டியையும்போல இரண்டு நிமிடம், பிறகு 'போ'. அவன்தான் போகாமல் நிற்பான். கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிற்பான். அவள் பலகையை ஆட்டுவாள். இப்போது பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

ஒருநாள் அவன் பொக்லைனை ஓட்டிவந்து ரோரா வீட்டு எதிரில் நிறுத்திவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுப் போனான். நான்கு நாள் நின்றது. கோழிகள் அதன் அடியில் ஒதுங்கின. ஐந்தாம் நாள் அவனே வந்து எடுத்துப் போனான்.

ஜூலையில் தூருஹிராவை நகரத்துக்கு அழைத்துப் போனது என் வண்டிதான். அலுவலகம் இரண்டாம் மாடியில். ஜன்னலுக்கு வெளியே ஆறு, கடலுக்கு முன்பான கடைசி அகலத்தில், பழுப்பாக. எமேரே தட்டச்சுச் செய்தாள். குவியல் எவ்வளவு உயரம், எந்தத் தேதி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள். தூருஹிரா ஒவ்வொன்றுக்கும் சாலையில் நிற்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"ஆத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

அதைச் சொல்ல அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எமேரே ஒரு பெயரையும் விடவில்லை.

"எதிராளிக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

"ஒண்ணுமில்லைன்னு போடு."

எமேரேயின் விரல்கள் நின்றன. "சித்தி, இது சத்தியம் பண்ணிக் குடுக்குற காகிதம். பொய்யா எழுதினா அவங்க வக்கீல் இந்த ஒரு வரியை வெச்சே மொத்தத்தையும் உடைச்சிடுவான்."

தூருஹிரா ஆற்றைப் பார்த்தாள்.

"சரி, எழுது. சித்தப்பா மகன். எழுதிட்டியா? அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுது. நாங்க அவன் வீட்டுக்குப் போனோம், எதையும் எடுத்துக்கல."

"ஜட்ஜுக்கு அது புரியாதே. கேஸுக்கும் அது தேவையில்ல."

"இதோட நகல் அவன் கைக்குப் போகுமா?"

"போகும். அனுப்பித்தான் ஆகணும்."

"அப்ப எழுது."

எமேரேயின் மாமா அவன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினாள். தூருஹிரா ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவுத் தபாலை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். கேட்டருகிலேயே கிழித்து, நின்றுகொண்டே படித்தான். முதல் பக்கத்தில் மனுதாரர் என்ற இடத்தில் ஆற்றின் பெயர் இருந்தது. பக்கங்களைப் புரட்டினான். குவியல் இரண்டு மாடி உயரம் என்ற இடத்தில் தலையை ஆட்டினான். அடுத்த வாரம் எடுப்பதாகச் சொன்னார் என்ற இடத்தில், "சொன்னேன். சொல்லத்தான் செஞ்சேன்," என்றான் என்னிடம். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் வாசிப்பு நின்றது. உதடு அசைய, எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்ற வரியை இரண்டு தடவை படித்தான். வீட்டுக்குள்ளிருந்து மராயா யார் வந்திருப்பது என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் பதில் எழுதி அனுப்பணும்னு போட்டிருக்கு," என்றான். விரலை அந்த வரிமேல் வைத்திருந்தான். "இதுக்கு நான் என்ன எழுதணும்?"

அந்த வரிக்கு யாரும் பதில் கேட்கவில்லை என்று சொல்லி, கையெழுத்துப் போடுவதற்குச் சீட்டை நீட்டினேன்.